முதுகொடி மதுவும் ஊறு எனும் அளவுகோலும்

திறனாய்வு என்பது இலக்கியத்துக்கு மட்டுமே உரிய கலை அன்று. இசையையும் ஓவியத்தையும் கூத்தையும் ஆராய்ந்து மதிப்பிட்டு எழுதுவோர் எல்லா நாடுகளிலும் உளர். மேலை நாடுகளில் திராட்சை மதுவுக்கும் அத்தகைய திறனாய்வு மரபு ஒன்று வளர்ந்துள்ளது. அதற்கென இதழ்கள் உண்டு, நூல்கள் உண்டு, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் முறையும் உண்டு. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கு இத்துறையோடு என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். மதுவை நாடாதவரும் மதுவைப் பற்றிய எழுத்தை ஆராயலாம். போர்க்களம் காணாதவர் புறப்பாடல்களை ஆராய்வதில்லையா? ஒருவன் தன் நாவால் உணர்ந்ததை, அதனை உணராத மற்றொருவனுக்குச் சொல்லால் உணர்த்த முயல்கிறான். அம்முயற்சியில் எந்தச் சொல் பயன்படுகிறது, எந்தச் சொல் வெறும் ஒப்பனையாக நின்றுவிடுகிறது என்பது மொழியாசிரியர் ஆராயத்தக்க வினாவே ஆகும்.

இத்துறை எழுத்துகளில் அண்மைக் காலத்தில் மிகுந்து வழங்கும் சொற்களுள் ஒன்று 'டெக்ஸ்சர்' என்பது. வெப்பம் மிகுந்த நிலத்தில், வயது முதிர்ந்த கொடிகளின் கனியிலிருந்து எடுக்கப்படும் வெண்மதுவைப் பாராட்ட நேரும்போது திறனாய்வாளர் பலரும் இச்சொல்லையே நாடுகின்றனர். அத்தகைய மதுவுக்கு இன்று சிறந்த சான்றாகக் காட்டப்படுவனவற்றுள் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகருக்கு வடக்கே அமைந்த சுவார்ட்லாந்து வட்டாரத்துச் செனின் பிளாங்க் மது. அச்சொல் அம்மதுவுக்குப் பொருந்துகிறதா, அப்பாராட்டு எதனைக் காண்கிறது, எதனைக் காணாது விடுகிறது என்பன இங்கு ஆராயப்படும்.

'டெக்ஸ்சர்' என்பது நெய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிற் பிறந்தது. நூலின் பாடத்தைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்னும் சொல்லும் அவ்வேரினதே. தமிழிலும் நூல் என்பது இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கிறது. நூலுக்குப் பெயர்க்காரணம் கூறவந்த பவணந்தியார் பஞ்சும் நூற்பும் கொண்டே அதனை விளக்கினார். மாணாக்கர் இவ்வொற்றுமையை எண்ணி மகிழலாம். ஆயினும், 'இழையமைப்பு' என்று மொழிபெயர்த்தால் அது துணிக்குப் பொருந்துமேயன்றி நீர்ப்பொருள் ஒன்றுக்குப் பொருந்தாது. கண்ணுக்கு ஒளி, செவிக்கு ஓசை, மூக்குக்கு நாற்றம், நாவுக்குச் சுவை, மெய்க்கு ஊறு என வகுத்த தமிழ் மரபில் இதற்குரிய சொல் முன்னரே உளது. தொடுவுணர்ச்சியைக் குறிக்கும் 'ஊறு' என்பதே அச்சொல். வாயினுள்ளும் மெய் உண்டு. நாவும் அண்ணமும் ஈறும் சுவையை மட்டும் அறிவதில்லை. வழவழப்பையும் சொரசொரப்பையும், இறுக்கத்தையும் நெகிழ்வையும், கனத்தையும் மென்மையையும் அறிகின்றன. நீரும் மோரும் வாயில் வேறுவேறாக உணரப்படுவது புளிப்பினால் மட்டும் அன்று. இளநீர் வழுக்கைக்கும் முற்றிய தேங்காய்க்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி ஊறு பற்றியதே.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தமிழர் எண்ணிய அறுசுவையுள் துவர்ப்பும் கார்ப்பும் அடங்கும். இன்றைய உடலியலார் அவ்விரண்டையும் சுவைக்கு வேறாகப் பிரித்துக் கூறுவர். கார்ப்பு, எரிவையும் வலியையும் உணர்த்தும் நரம்புகளின் வழி வருவது. துவர்ப்பு, பெரும்பாலும் உமிழ்நீரின் வழவழப்பு நீங்குவதால் தோன்றும் உராய்வுணர்ச்சி. பாலில்லாக் கடுந்தேநீரைப் பருகியவரும் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தவரும் இதனை எளிதில் உணர்வர். இதனால் முன்னோர் பிழைபட்டனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. உண்பவன் நோக்கில் சுவையும் ஊறும் பிரித்தறிய இயலாதவாறு கலந்தே வருகின்றன என்பதே இதனாற் பெறப்படும்.

செந்நிற மதுவில் ஊறு என்பது பெரும்பாலும் இத்துவர்ப்பே. கனியின் தோலையும் விதையையும் சாற்றோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால் அது மதுவில் இறங்குகிறது. வெண்மதுவுக்கோ, பெரும்பாலும் கனியைப் பிழிந்த உடனே தோல் நீக்கப்படுகிறது. எனவே, வெண்மது என்றால் மணமும் புளிப்புமே அதன் உடைமை, ஊறு அதற்கு இல்லை என்பதுபோல் எழுதுவது வழக்கமாயிற்று. திறனாய்வாளரின் சொற்களஞ்சியமே இதற்குச் சான்று. 1984இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் என்னும் அறிவியலார் தம் குழுவினருடன் மதுவின் மணங்களை ஒரு சக்கர வடிவில் வகைப்படுத்தி வெளியிட்டார். 'உயர்ந்தது', 'நேர்த்தியானது' என்பன போன்று எதனையும் சுட்டாத சொற்களை விலக்கி, எவரும் முகர்ந்து ஒப்புநோக்கத்தக்க பொருள்களின் பெயர்களையே அதில் அமைத்தது பாராட்டுக்குரியது. ஊறு பற்றிய சக்கரம் அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2000இல், ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. பட்டு, வெல்வெட்டு, சுண்ணப்பொடி, உப்புத்தாள் முதலியவற்றின் தொடுவுணர்ச்சி அதில் இடம்பெற்றது. அதுவும் செந்நிற மதுவுக்கென்றே ஆக்கப்பட்டது.

மணச் சக்கரம் நல்ல கருவி. அதனைக் கையாண்டோர் பலர் அதனை வாய்பாடாக்கிவிட்டனர் என்பதே குறை. செனின் மதுவைப் பற்றிய குறிப்புகளைப் புரட்டினால் சீமைமாதுளை, மஞ்சள் ஆப்பிள், உலர்ந்த வைக்கோல், தேன் என்னும் வரிசை மீண்டும் மீண்டும் வருகின்றது. பள்ளி மாணாக்கரின் இயற்கை வருணனைக் கட்டுரையில் பனித்துளி எப்போதும் முத்தாகவே இருப்பது போன்றது இது. சீமைமாதுளையைக் கண்டும் கேட்டும் அறியாத நாட்டு வாசகன் இவ்வரிசையால் பெறுவது யாது? பெயர்கள் பலவாயினும் ஒரு மதுவை மற்றொரு மதுவினின்று பிரித்துக் காட்ட அவை பெரிதும் உதவுவதில்லை. ஊறு பற்றிய சொற்களோ அத்தகையன அல்ல. வழவழப்பு, சொரசொரப்பு, கனம், இறுக்கம் என்பன எந்நாட்டு நாவுக்கும் பொது. வாசகன் தன் வாயில் அவற்றைச் சோதித்துச் சொன்னவன் மெய் சொன்னானா என்று அறிய இயலும். இது கருதியே 'டெக்ஸ்சர்' என்னும் சொல்லின் வரவு திறனாய்வுக்கு ஆக்கம் தருவது எனக் கொள்ளலாம். அது மிகுதியாக வழங்கப்படும்போது அதுவும் முத்துப் பனித்துளியாகிவிடும் என்பதையும் மறத்தற்கில்லை.

வெண்மதுவுக்கு ஊறு எங்கிருந்து வருகிறது? முதலில் கனியிலிருந்து. சிறிய மணிகளும் தடித்த தோலும் உடைய கனியைப் பிழியும்போது, தோலின் சத்து சிறிதளவேனும் சாற்றில் ஏறுகிறது. சாற்றில் கரைந்துள்ள பொருள்களின் செறிவும் மிகுதியாகிறது. அடுத்து, புளித்தலில் விளையும் சாராயச் சத்து. அது மிகுந்தால் கனமும் ஒருவகை வெம்மையும் தோன்றும். மூன்றாவது, பீப்பாயின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டி. புளித்து முடிந்த மதுவை உடனே வடிகட்டாமல் அம்மண்டியின் மேலேயே பல திங்கள் விட்டுவைத்தால், மண்டி சிதைந்து சில பொருள்களை மதுவில் விடுகிறது. அவை மதுவுக்கு ஒரு திரட்சியைத் தருகின்றன. புளிப்பும் ஊறுக்குத் துணை செய்வதே. கூரிய புளிப்பு மதுவை இறுக்கிப் பிடிக்கிறது. அஃது இன்றேல் மேற்கூறிய திரட்சி அனைத்தும் கொழகொழப்பாகி நாவில் தங்கி அலுப்பூட்டும்.

இவ்விடத்தில்தான் வெப்ப நிலத்தின் இடர் தோன்றுகிறது. வெப்பம் மிகுந்தால் கனியில் சர்க்கரை விரைந்து ஏறும். புளிப்பு விரைந்து குறையும். சர்க்கரை மிகுந்த கனி சாராயச் சத்து மிகுந்த மதுவைத் தரும். விளைவு, கனமுடையதாயினும் தளர்ந்த மது. சுவார்ட்லாந்து இத்தகைய வெப்ப நிலமே. குளிர்காலத்தில் மழை பெய்து, கோடை முழுதும் வறண்டு கிடக்கும் நாடு அது. கோதுமை வயல்களே அங்கு மிகுதி. 'கருநிலம்' எனப் பொருள்படும் அதன் பெயர் மண்ணின் நிறத்தால் வந்ததன்று; பருவத்தில் கருமை காட்டும் 'ரெனோஸ்டர்' என்னும் புதர்ச் செடியால் வந்தது என்பர். கோதுமை வயல்களின் நடுவே பார்டபெர்க் என்னும் கருங்கல் மலையும், ரீபேக் ஊர்களை ஒட்டிப் படலப்பாறை மலையும் எழுகின்றன. மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் பெங்குவேலா எனும் குளிர்நீரோட்டம் ஓடுவதால் கடற்காற்று வெப்பத்தை ஓரளவு தணிக்கிறது. அவ்வளவே அதற்கு வாய்த்த நற்பேறு.

செனின் பிளாங்க் பிரான்சு நாட்டின் லுவார் ஆற்றங்கரைக்கு உரியது. நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்தர் 1655இல் கொடி நட்டு, 1659இல் முதன்முதலாக மது எடுத்தனர். செனினும் அந்நாட்டுக்கு மிகப் பழைமையாக வந்து சேர்ந்த வகைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அங்கு அதற்கு 'ஸ்டீன்' என்று பெயர் வழங்கிற்று. ஸ்டீனும் செனினும் ஒன்றே என ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அடையாளம் கண்டது 1960களில்தான். வெப்பத்திலும் புளிப்பை எளிதில் இழவாமை இதன் இயல்பு. அவ்வியல்பே இதற்குப் பகையுமாயிற்று. எதற்கும் பயன்படும் கனி என்பதால் இதனை எதற்கும் பயன்படுத்தினர். பிராந்தி காய்ச்சுவதற்கு இதுவே. மலிவான மதுவுக்கும் இதுவே. 1959இல் வெளிவந்த 'லீபர்ஸ்டைன்' என்னும் இனிப்பு மது ஸ்டீன் கனியிலிருந்து எடுக்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கோடிக்கணக்கான புட்டிகளாக விற்றது. விளைந்த கனி கூட்டுறவு ஆலைக்குச் சென்று, டன் கணக்கில் நிறுக்கப்பட்டு, மற்றப் பண்ணைகளின் கனியோடு ஒரே தொட்டியில் கொட்டப்பட்டது. ஐம்பதாண்டுக் கொடியின் கனிக்கும் ஐந்தாண்டுக் கொடியின் கனிக்கும் அங்கு வேற்றுமை இல்லை. விளைச்சலையும் விலையையும் 1918இல் தோன்றிய கே.டபிள்யூ.வி. என்னும் அமைப்பு கட்டுப்படுத்தி வந்தது. பயிரிடும் அளவுக்கான கட்டுப்பாடு 1992இல்தான் நீங்கிற்று.

நிறைக்கு விலை என்னும் ஏற்பாட்டில் முதுகொடி நிற்பது அரிது. கொடி முதிர முதிர அதன் விளைச்சல் குறையும். குறைந்த விளைச்சலுக்குக் குறைந்த பணம். ஆகவே கணக்கறிந்த உழவன் அதனைப் பிடுங்கிவிட்டு வேறு பயிரிடுவதே இயல்பு. 1990களில் தென்னாப்பிரிக்கா மீதிருந்த பொருளாதாரத் தடைகள் நீங்கி வெளிநாட்டுச் சந்தை திறந்தபோது, செந்நிற மதுவுக்கு வரவேற்பு மிகுதி என்று கண்டு, செனின் கொடிகள் பல இடங்களில் அகற்றப்பட்டன. தப்பியவை பெரும்பாலும் மலைச்சரிவிலும் ஒதுக்குப்புறத்திலும் நின்றவை. பிடுங்கும் செலவுக்கும் பயனில்லை என்று விடப்பட்டவையும் அவற்றுள் உண்டு.

அத்தகைய தோட்டங்களைத் தேடி 2002 முதல் ஊர் ஊராகச் சென்று பட்டியலிட்டவர் ரோசா குரூகர் என்னும் கொடி வளர்ப்பியலார். ஓலைச்சுவடி தேடி உ.வே.சாமிநாதையர் அலைந்த வரலாற்றை அறிந்த தமிழாசிரியர்க்கு இம்முயற்சியின் தன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாட்டில் கொடி நட்ட ஆண்டுகளைப் பதிந்துவைக்கும் பழக்கம் 1900 முதலே இருந்தமை அவருக்குத் துணையாயிற்று. ஈபன் சாடி என்பவர் செனினை முதன்மையாகக் கொண்டு பலவகைக் கனிகளைக் கலந்து எடுத்த 'பல்லாடியஸ்' என்னும் வெண்மது 2002ஆம் ஆண்டு விளைச்சலில் தொடங்கிற்று. பின்னர் முதுகொடித் தோட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியே புட்டியில் அடைத்து வெளியிடும் வரிசையொன்றையும் அவர் தொடங்கினார். அவ்வரிசையில் ஒன்று 'ஸ்குர்ஃப்பெர்க்'. சுவார்ட்லாந்துக்கும் வடக்கே, ஒலிஃபண்ட்ஸ் ஆற்றுப் பக்கத்து மலையில் விளையும் செனின் அது. அம்மலைப் பெயருக்குச் சொரசொரப்பான மலை என்பது பொருள்; ஊறு பற்றி ஆராய்வார்க்கு இஃது ஓர் இனிய உடன்நிகழ்வு. தொட்டியில் கரைந்து பெயரிழந்த கனி தனிப் பெயர் பெற்றது இவ்வாறுதான்.

இனித் திறனாய்வாளரின் கூற்றுகளை எடைபோடலாம். முதுகொடி நல்ல மது தரும் என்பது அவர்தம் முதற்கூற்று. காரணம் கேட்டால், வேர் ஆழச் சென்றுள்ளது, நீர் பாய்ச்சாமலே கோடையைத் தாங்குகிறது, குலை குறைவாதலால் சத்துச் செறிகிறது என்பர். இவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. அங்குள்ள முதுகொடிகள் பந்தலும் கம்பியும் இன்றிக் குறுமரம்போல் தனித்து நிற்கின்றன. அடிமரம் முறுக்கேறித் தடித்துள்ளது. நீர் பாய்ச்சப்படாமலே பல தோட்டங்கள் பிழைக்கின்றன. ஆனால் வயதே தரத்துக்குக் காரணம் என்று ஆய்வால் ஐயமற நிறுவப்படவில்லை. விளைச்சலைக் குறைத்தால் இளங்கொடியும் செறிந்த கனி தரக்கூடும். மேலும், நல்ல மண்ணில் நல்ல கனி தந்த தோட்டத்தையே தலைமுறை தலைமுறையாக உழவர் காத்திருப்பர். தீயவை முன்னரே பிடுங்கப்பட்டிருக்கும். எஞ்சியவற்றைச் சுவைத்துவிட்டு, முதுமையே சிறப்பு என்று முடிவு கட்டுவது, எஞ்சிய சங்கப் பாடல்களை மட்டும் படித்துவிட்டு அக்காலத்தில் தீய புலவரே இல்லை என்று முடிவு கட்டுவதை ஒக்கும். 'முதுகொடி' என்னும் சொல்லுக்குப் பிரான்சிலும் சட்ட வரையறை இல்லை. இருபதாண்டுக் கொடியானும் எண்பதாண்டுக் கொடியானும் அச்சொல்லையே புட்டியில் ஒட்டலாம். ஆகவே அச்சொல் வணிகச் சொல்லாகவும் பயன்படுகிறது என்பதைத் திறனாய்வாளர் மறைத்தல் தகாது.

இரண்டாவது கூற்று, இம்மது ஊறு உடையது என்பது. இக்கூற்றே வலிமை உடையது. ஆயினும் ஒரு பாகுபாடு வேண்டும். கனியிற் பிறந்த ஊறு வேறு. ஆலையில் ஏற்றிய ஊறு வேறு. புதிய ஓக்குமரப் பீப்பாயின் துவர்ப்பை ஏற்றலாம். ஈஸ்ட் மண்டியை அடிக்கடி கலக்கித் திரட்சியை ஏற்றலாம். கனியை மிகப் பழுக்கவிட்டுச் சாராயக் கனத்தை ஏற்றலாம். இம்மூன்றும் முதல் வாயில் மயக்கும். இரண்டாம் வாயில் சலிப்பூட்டும். அடைமொழிகளை அடுக்கி ஆழம் காட்ட முயலும் உரைநடையைப் படித்தவர்க்கு இச்சலிப்பு புதிதன்று. சுவார்ட்லாந்தின் நல்ல மது வடிப்போர் இதற்கு மறுதலையான வழியைக் கைக்கொண்டனர். 2010இல் தோன்றிய அவ்வட்டாரத்துத் தனி உற்பத்தியாளர் அமைப்பு, ஈஸ்ட் சேர்ப்பதையும் அமிலம் சேர்ப்பதையும் விலக்கும் நெறிகளை வகுத்துக்கொண்டது. வெப்ப நாடுகளில் அமிலம் சேர்ப்பது இயல்பான வழக்கம். அதனை விலக்குவது எளிய உறுதி அன்று. கனியிலேயே புளிப்பு நிலைத்திருக்கும் வேளை பார்த்துப் பறித்தால் அன்றி அந்நெறி நிற்காது. மண்பாண்டமும் சிமிட்டித் தொட்டியும் பழைய பெரும் பீப்பாயும் பயன்படுத்துவதன் நோக்கமும் மரத்தின் சுவையை ஏற்றாமல் மதுவை முதிரவிடுவதே.

அவ்வாறு ஆக்கப்பட்ட மதுவின் ஊறு எத்தகையது? தேர்ந்த திறனாய்வாளரின் குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினால் பழப்பெயர்களில் அவர்கள் முரண்படினும் ஊறு பற்றிப் பெரிதும் ஒன்றுபடுகின்றனர் என்பது புலனாகும். நடுவாயில் ஒரு திரட்சி. விளிம்பில் கனித்தோலைக் கடித்தாற்போன்ற மெல்லிய உராய்வு. முடிவில் உப்புத்தன்மையை நினைவூட்டும் புளிப்பின் இறுக்கம். திரட்சி வெப்ப நிலத்துக்குரியது; இறுக்கம் செனினுக்குரியது; உராய்வு சிறுமணிக் கனிக்குரியது எனப் பகுத்துக் காணலாம். மூன்றும் ஒருங்கே நிற்பதுதான் இம்மதுவின் தனிச்சிறப்பு. திரட்சி மட்டும் உடைய வெண்மது உலகெங்கும் மலிந்துள்ளது. அதற்கு முதுகொடி வேண்டுவதில்லை.

இவ்விறுக்கத்தைப் பாறையின் சுவை என்று சிலர் எழுதுகின்றனர். கருங்கல்லும் படலப்பாறையும் வேர் வழியே நேராகக் கனியில் ஏறிச் சுவை தருவதில்லை என்று நிலவியலார் மறுக்கின்றனர். மண் நீரைத் தேக்கும் அளவும் கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் அளவும் வேறுபடுவதால் கனி வேறுபடலாம் என்பது வரை ஏற்கத்தக்கது. முல்லினோ என்னும் மது நிறுவனத்தார் கருங்கல் நிலத்துச் செனினையும் படலப்பாறை நிலத்துச் செனினையும் தனித்தனியே அடைத்து வெளியிட்டுள்ளனர். ஒரே வகைக் கனி, ஒரே கைத்திறன், வேறு நிலம் என்னும் இவ்வேற்பாடு, இரு பாடங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது போன்ற நல்ல பயிற்சி. கல்லைச் சுவைத்தேன் என்று பாடுவதை விட, இவ்விரண்டும் ஊறில் எவ்வாறு வேறுபடுகின்றன என்று எழுதுவதே திறனாய்வு ஆகும்.

இலக்கியத் திறனாய்வுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஒரு நூலை எவரும் பாராட்டாவிடினும் அது நூலகத்தில் இருக்கும். ஐம்பதாண்டு கழித்து ஒருவர் எடுத்துப் படிக்கலாம். தோட்டம் அப்படி அன்று. பிடுங்கிய கொடியை மீட்டு நட வழியில்லை. எண்பதாண்டுக் கொடி வேண்டுமெனில் எண்பதாண்டு காத்திருக்க வேண்டும். டன்னுக்கு இத்தனை என்னும் விலையில் அழிவு உறுதி. புட்டியின் விலை உயர்ந்து, அதில் ஒரு பங்கு உழவனைச் சென்றடைந்தால் அன்றி அது நில்லாது. புட்டியின் விலையை உயர்த்துவதில் திறனாய்வாளரின் சொல்லுக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே அச்சொல் மெய்யாக இருத்தல் மற்ற இடங்களை விட இங்கு மிகவும் இன்றியமையாதது. முதுகொடி என்னும் பெயரைத் தகுதியற்றோர்க்கும் வழங்கிவிட்டால், தகுதியுடையோர்க்குச் சேரவேண்டிய விலை சிதறிவிடும்.

இதனை உணர்ந்தே ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கில் 2009இல் 35, 70, 100, 125 ஆண்டுகள் என வயதுப் படிகளை வகுத்தனர். தென்னாப்பிரிக்காவில் 2016இல் அமைந்த முதுகொடித் திட்டம் 2018இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. முப்பத்தைந்து ஆண்டு நிறைந்த தோட்டங்களுக்குச் சான்று வழங்கி, புட்டியின் கழுத்தில் நட்ட ஆண்டு பொறித்த முத்திரையை ஒட்டச் செய்தது. அந்நாட்டில் அவ்வயது கடந்த தோட்டங்கள் ஏறத்தாழ 4,000 எக்டேர். அவற்றுள் பாதியளவு செனின். புலவர் காலத்தைக் கல்வெட்டால் உறுதி செய்வதற்கு நிகரான பணி இது. ஊறு உண்டா இல்லையா என்பதை அம்முத்திரை கூறாது, கூறவும் வேண்டுவதில்லை. வயதைப் பதிவேடு கூறட்டும், தரத்தை நா கூறட்டும் என இரண்டையும் பிரித்து வைத்ததே அதன் சிறப்பு.

ஊறு என்னும் சொல்லுக்குத் தீங்கு என்றும் பொருள் உண்டு. அப்பொருளையும் இவ்விடத்தில் கருதாமல் விடுதல் முறையன்று. முதுகொடியின் முறுக்கேறிய வடிவம் தானே அமைந்ததன்று. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒருவர் குனிந்து நின்று, சென்ற ஆண்டின் கிளைகளைக் கவாத்து செய்து, இத்தனை கணு என்று எண்ணி விட்டதால் அமைந்தது. எண்பதாண்டுக் கொடி எண்பது கவாத்துகளைக் கண்டது. அக்கைகள் யாருடையவை? நன்னம்பிக்கை முனையில் கொடித் தொழிலை வேரூன்றச் செய்தவர் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் ஒல்லாந்தர் அவர்களைக் கொணர்ந்தனர். வங்காளம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் பலர் கொண்டுசெல்லப்பட்டனர். சோழமண்டலக் கரை என்னும்போது அவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பது வெளிப்படை. 1834இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்து, பயிற்சிக்காலம் என்னும் பெயரால் மேலும் நான்காண்டுகள் நீடித்தது. அதன்பின்னும் பண்ணைத் தொழிலாளர்க்குக் கூலியின் ஒரு பகுதியை மலிவான மதுவாகவே அளந்து கொடுக்கும் 'டாப்' என்னும் முறை தொடர்ந்தது. சட்டம் தடுத்த பின்னரும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பல பண்ணைகளில் அது நின்றது. கள்ளுக்கடையின் நிழலில் வளர்ந்த தோட்டப்புறக் குடும்பங்களின் கதையைக் கேட்டறிந்த மலேசிய வாசகர்க்கு அதன் விளைவை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாய் அருந்திய மதுவால் கருவிலேயே ஊறுபட்ட குழந்தைகள் மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் ஒன்றாக அம்மாநிலம் இன்றும் உலக ஆய்வேடுகளில் குறிக்கப்படுகிறது. பண்ணைத் தொழிலாளரின் குடியிருப்பு, கூலி, நச்சுமருந்துப் பாதுகாப்பு ஆகியவற்றில் கண்ட குறைகளை மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 2011இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது.

இவை மதுவின் சுவைக்குப் புறம்பானவை, திறனாய்வுக்கு உரியன அல்ல என்பது ஒரு கட்சி. கொடியின் வயதும், பாறையின் பெயரும், பீப்பாயின் அளவும், மலையின் சரிவும் சுவைக்குப் புறம்பானவை அல்லவா? அவற்றையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவோர், கொடியை அந்த வயது வரை கொண்டுவந்த கைகளிடம் வந்தவுடன் மட்டும் சுவையின் எல்லையை நினைவுகூர்வது பொருந்தாது. 'வியெட்டா' என்னும் அறநெறி வணிக அமைப்பு 2002 முதல் அந்நாட்டில் இயங்குகிறது. தொழிலாளர் நிலையை நேரில் தணிக்கை செய்து, நெறி தவறாத பண்ணைகளின் மதுவுக்கு 2012 முதல் அதுவும் ஒரு முத்திரை வழங்கி வருகிறது. ஆக, புட்டியின்மேல் இருவகை முத்திரைகள் வரக்கூடும். நட்ட ஆண்டைக் கூறும் முத்திரையைத் திறனாய்வாளர் விடாது குறிக்கின்றனர். மற்றதனைக் குறிப்போர் அரியர். அது இருந்ததா, இல்லையா என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் சீமைமாதுளை என்று எழுதும் மையே போதும்.